தரை ஈரமாக இருந்தது

திருச்செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி
9-3-2025

மருமகள் ஜெயபாரதிக்கு மாமியார் பொன்னுக்கனி எழுதுவது. இங்கே நானும் என் மகள் சந்திரிகாவும் மாப்பிள்ளையும் சுகம். அங்கே என் மகனும் பேத்தி ஷ்ரேயாவும் நீயும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் யாராவது எனக்குச் சொல்லியிருப்பார்கள்.

உனக்கு எழுதக்கூடாது என்று ஒன்றரை மாதம் இருந்தேன். சந்திரிகா போனைப் போட்டுக் காதில் வைக்கிறாள். என் காதுக்கு அது கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதை இன்னும் மறக்காததால் இந்தக் கடிதம்.

நான் ஏன் அங்கிருந்து கிளம்பி வந்தேன் என்று நீ மறந்திருப்பாய். தை எட்டாம் தேதி, உன் மாமனார் நினைவு நாள். இலையில் சோறு வைத்தாயிற்று, சாம்பிராணி புகைகிறது. உன் போன் அடித்தது. "அத்தே, கேஷுவாலிட்டில ஆள் இல்லையாம், போயிட்டு ஓடியாந்துருதேன்" என்று செருப்பை மாட்டினாய். மறுநாள் காலையில்தான் வந்தாய். காக்கைக்கு நான்தான் வைத்தேன். ஷ்ரேயாவுக்கு அம்மை போட்டபோதும் இப்படித்தான். வெள்ளம் வந்த கார்த்திகையிலும் இப்படித்தான். எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் உன் ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. மருமகள் கீழ் மாடியில், மாமியார் மேல் மாடியில். என்னைப் பிடித்து உட்கார வைத்து வாய் கொப்பளிக்க வைத்தது யார்? தரை துடைக்கிற சகினா.

பதினான்கு வருஷமாகச் சொல்கிறேன், அந்த நர்ஸ் வேலையை விட்டுவிடு என்று. இந்தக் கடிதத்திலும் சொல்லிவிட்டேன்.

என் மகனை வெயிலில் கடைக்கு அலைய வேண்டாம் என்று சொல்.

பொன்னுக்கனி


தி.நகர்
23-3-2025

அன்புள்ள அத்தைக்கு ஜெயபாரதி எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நல்லெண்ணெய் தடவினால் போதாது, அந்த மாத்திரையையும் போடுங்கள்.

தை எட்டாம் தேதி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரு பள்ளிக்கூட வேன் விபத்து. அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்துவிட்டது. எட்டுப் பிள்ளைகள். எட்டுப் பேரும் வீட்டுக்குப் போனார்கள். இதை மறுநாளே உங்களிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

வேலையை விட முடியாது அத்தை. எனக்கு அது பிடித்திருக்கிறது. இதைவிடப் பெரிய காரணம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சகினா உங்களைக் கேட்டாள். "இன்னா சிஸ்டர், பாட்டிம்மா ஊருக்குப் பூட்டாங்களாமே? பஸ்ல போனாங்களா, கோவத்துல போனாங்களா?" என்றாள். ரயிலில் என்றேன்.

ஷ்ரேயாவுக்குப் பரீட்சை. உங்கள் மகன் கடைக்குத் தொப்பி போட்டுக்கொண்டுதான் போகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயபாரதி


தூத்துக்குடி
4-5-2025

ஜெயபாரதிக்கு.

எல்லோரும் சுகம்தானா? சித்திரை பிறந்ததற்கு நான் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. சந்திரிகாவிடம் கேட்டால் "அண்ணன் ஒண்ணும் சொல்லலம்மா" என்கிறாள். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்றே எழுதலாமே. தபால்காரர் வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார். அதுவும் எனக்கு அவமானம்.

பொன்னுக்கனி


தி.நகர்
18-5-2025

அன்புள்ள அத்தைக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. சென்ற மாதம் வார்டில் தரை ஈரமாக இருந்தது. வழுக்கி விழுந்துவிட்டேன். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். புருவத்தில் போட்ட நான்கு தையலும் பிரித்தாயிற்று. சமையல் எல்லாம் உங்கள் மகனும் ஷ்ரேயாவும்தான். ரசம் மட்டும் நன்றாக வருகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் இத்தனை வருஷமாகச் சொன்னதுதான் சரி. வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வெயில் அதிகம். நீர்மோர் குடியுங்கள்.

ஜெயபாரதி


தூத்துக்குடி
25-5-2025

ஜெயபாரதி, கட்டுப் போட்ட கையைத் தொங்கவிடாதே. எலும்பு சூப் வைத்துக் குடி. நானும் சந்திரிகாவும் சுகம்.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். இல்லை.

வழுக்கி விழுகிறவர்கள் பின்னால் சாய்ந்து விழுவார்கள், பின்மண்டையில் அடிபடும். இல்லை முன்னால் விழுந்தால் முட்டி தேயும். முட்டியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. புருவமும் மணிக்கட்டும் ஒரே விழுகையில் எப்படி அடிபடும்? ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகிற உன் வெள்ளைச் செருப்பை எத்தனை தரம் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன், அடியில் ரப்பர் பல் பல்லாக இருக்கும். வெள்ளத்தில் சைதாப்பேட்டையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவள் நீ. அன்றைக்கு விழாதவள் துடைத்த தரையில் விழுந்தாயா?

மார்ச் மாதம் வேலை பிடித்திருக்கிறது என்று எழுதினாய். மே மாதம் நான் சொன்னது சரி என்கிறாய். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து நான் சொன்னது சரி என்று நீ ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. மீன் குழம்புக்கு மாங்காய் போடுகிற விஷயத்தில்கூட.

என்ன நடந்தது என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பொன்னுக்கனி


தி.நகர்
8-6-2025

அன்புள்ள அத்தைக்கு,

கட்டுப் பிரித்துவிட்டார்கள். வலி குறைந்திருக்கிறது. நீங்கள் கேட்டதை எழுதுகிறேன்.

ஏப்ரல் பதினாறு, மாலை ஐந்தரை மணி. ஒரு பெரியவரை நெஞ்சுவலி என்று தூக்கி வந்தார்கள். கூடவே ஏழு பேர். கட்டிலுக்குப் பக்கத்தில் டாக்டர் நிற்க இடமில்லை. "ஒருத்தர் மட்டும் இருங்க, மத்தவங்க வெளியே நில்லுங்க" என்றேன். ஒரு நாளைக்கு முப்பது தரம் சொல்கிற வார்த்தை அத்தை இது. பெரியவரின் பேரன், இருபத்தைந்து வயதிருக்கும். "என்னை வெளிய போகச் சொல்ல நீ யாரு?" என்று கையிலிருந்த ஹெல்மெட்டால் அடித்தான். முதல் அடி புருவத்தில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கையைத் தூக்கினேன். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது தண்டனைக்குரிய குற்றம் என்று சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழேதான் விழுந்தேன்.

பெரியவர் பிழைத்து நான்காம் நாள் வீட்டுக்குப் போனார்.

தையல் போடும்போதே மேட்ரன் வந்தார். "ஜெயா, அவங்க பெரிய இடம். போலீசு, கோர்ட்டுன்னு நீதான் அலையணும். தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கிட்டேன்னு எழுதிடு. வேலையில நடந்த விபத்துன்னு லீவு தந்துடறோம்" என்றார். விபத்துப் பதிவேட்டை மடியில் வைத்தார். நல்ல கை வலது கை. அதனால் எழுதிவிட்டேன்.

மாடி வீட்டுக்காரர் ஹெல்மெட்டோடு படியேறினால் நான் சமையலறைக்குள் போய்விடுகிறேன். அவர் பாவம், எனக்கு வணக்கம் சொல்கிறவர். இதையெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று உங்கள் மகனிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். அவரைக் கோபிக்காதீர்கள்.

நாளை வேலைக்குப் போகிறேன். விடுவதாக இருந்தாலும் பதினைந்து நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

ஜெயபாரதி


தூத்துக்குடி
15-6-2025

ஜெயபாரதி, நான் சுகம். இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்று சாப்பிட்டேன்.

என் மகனைக் கோபிக்காதே என்று நீ சொல்லாதே. அவன்மேல் இருக்கிற கோபத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடித்தவன் பெயர் என்ன? தகப்பன் பெயர் என்ன? எழுதி அனுப்பு. நான் ஒன்றும் செய்யப்போவதில்லை, என்னால் என்ன முடியும். என் கல்யாணத்தில் எங்கள் அப்பாவைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவர் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியும். இவன் பெயரும் அந்த மாதிரி இருக்க வேண்டும்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். ஷ்ரேயா பிறந்தபோது வேலையை விடு என்றேன், விடவில்லை. அம்மையின்போது கேட்டேன். கொரோனாவில் உன்னை மொட்டை மாடி அறையில் வைத்துத் தட்டைத் தள்ளிவிட்டபோது அழுதுகொண்டே கேட்டேன், நீ கதவுக்கு உள்ளேயிருந்து "அதெல்லாம் முடியாது அத்தே" என்றாய். நான் கேட்டு விடாத வேலையை ஒரு ஹெல்மெட் கேட்டா விடப்போகிறாய்? அப்போது எனக்கு என்ன மரியாதை? அவனுக்கு என்ன மரியாதை?

விடுவதானால் பதினான்கு வருஷத்துக்கு முந்தியே விட்டிருக்க வேண்டும். இப்போது விட்டால் என்னைத்தான் அவமானப்படுத்துகிறாய்.

கைக்கு ஒத்தடம் கொடு. கனமான குடம் தூக்காதே.

பொன்னுக்கனி


தி.நகர்
1-7-2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? சந்திரிகாவிடம் கேட்டேன், இரண்டு இட்லிக்கு மேல் தொடவில்லை என்றாள். இங்கே எல்லோரும் நலம்.

உங்கள் கடிதத்தைப் படித்து, அடிபட்டதற்குப் பிறகு முதல் தரமாகச் சிரித்தேன். ஷ்ரேயா ஓடி வந்து பார்த்தாள்.

வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. ஊசி போடுகிறேன், கட்டுப் போடுகிறேன். ஆனால் அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. "ஒருத்தர் மட்டும் இருங்க." நேற்று ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்து கூட்டிவந்தார்கள், ஒன்பது பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள், நான் வாயைத் திறந்து மூடினேன். மஹ்விஷ் என்று சின்னப் பெண், போன வருஷம் சேர்ந்த நர்ஸ், அவள்தான் அனுப்பினாள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. வார்டில் புதிதாக ஒருத்தி துடைத்துக்கொண்டிருந்தாள். சகினா எங்கே என்றேன். மஹ்விஷ் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்குத் தெரியாதா சிஸ்டர்? தரையை ஈரமா விட்டதால ஒரு ஸ்டாஃப் விழுந்துட்டாங்கன்னு காண்ட்ராக்ட்காரங்க ஏப்ரல்லயே அனுப்பிட்டாங்க" என்றாள்.

நான் எழுதியது அத்தை. ஈரம் என்று எழுதினால் துடைத்தவள் ஒருத்தி இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சிந்தாதிரிப்பேட்டையில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். "உங்க கையெழுத்துன்னு காட்னாங்கோ சிஸ்டர். எனக்குப் படிக்க வராது, மஹ்விஷ் சிஸ்டரு படிச்சுச் சொன்னாங்கோ. நான் அந்தாண்ட வரவேயில்லியே, லிப்டாண்ட குப்பை அள்ளிக்கினு இருந்தேன். தரை எப்டி ஈரமாச்சு?" என்றாள். திட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கப் போகிறாள்.

மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். வேலையை விடலாம் என்று நான் இருப்பது அவருக்கு முன்பே தெரியும். "இப்ப மாத்தி எழுதினா, பொய் எழுதினேன்னு உன் மேலயே விசாரணை வரும். நீதான் போகப்போறியே. நல்ல சர்டிபிகேட் தர்றேன், பேசாம போயிடு" என்றார். அந்தச் சர்டிபிகேட் இல்லாமல் வேறு எங்கும் சேர முடியாது அத்தை. பேசாமல் போனால் நான் தப்பித்துவிடுவேன், சகினா வெளியிலேயே இருப்பாள்.

இந்தக் கடிதத்தை எழுதி இரண்டு நாள் கைப்பையில் வைத்திருந்துவிட்டுத்தான் போடுகிறேன்.

ஜெயபாரதி


தூத்துக்குடி
6-7-2025

ஏளா ஜெயபாரதி,

சுகம் விசாரிக்க நேரமில்லை. கை எப்படி இருக்கிறது?

சகினா எனக்கு வாய் கொப்பளிக்க வைத்தபோது கிண்ணத்தைத் தன் கையில் பிடித்தாள். என் நெஞ்சில் சிந்தியதைத் தன் முந்தானையால் துடைத்தாள். "பாட்டிம்மா, மெதுவா, யாரும் துரத்தல" என்றாள். அவளைத் துரத்திவிட்டு அவள் போட்ட டீயையும் குடித்துவிட்டு வந்தாயா?

அந்த நோட்டை எடுத்து, எழுதிய கையாலேயே திருப்பி எழுது. சர்டிபிகேட் தராவிட்டால் போகட்டும். நான் இங்கே இருந்து கத்துவது உனக்குக் கேட்காது, அதனால் பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன்.

பொன்னுக்கனி


தி.நகர்
7-7-2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் செய்துவிட்டேன். வந்த பிறகு செய்திருந்தால் நீங்கள் சொன்னதற்காகச் செய்தேன் என்று ஆகிவிடும்; அது நம் இரண்டு பேருக்கும் வழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். பழையதை அடிக்கவில்லை. அதற்குக் கீழேயே எழுதினேன்: தரை உலர்ந்திருந்தது. சகினா அங்கே இல்லை. நோயாளியின் பேரன் ஹெல்மெட்டால் இரண்டு முறை அடித்தார். மேலே உள்ளதை நான் எழுதியது தவறு. தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு ஆள் வேண்டும். அன்றைக்குப் பணியில் இருந்த டாக்டர் போன் வந்ததுபோல் வெளியே போனார். மஹ்விஷ் பேனாவை வாங்கினாள். "உனக்கு வேலை போச்சுன்னா?" என்றேன். "உங்களுக்கு அடி விழுந்தப்ப நான் மருந்து ட்ராலிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தேன் சிஸ்டர். அதையே தினமும் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்று போட்டுவிட்டாள்.

அங்கிருந்து நேரே நானும் உங்கள் மகனும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். புகாருக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள்.

மேட்ரன் என்னோடு பேசுவதில்லை. என்ன வரும் என்று தெரியவில்லை. முட்டிவலி மாத்திரையைச் சந்திரிகாவிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெயபாரதி


தி.நகர்
10-8-2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பெரிய எழுத்துக் கடிதம் வந்தது. அடுத்த வீட்டில்கூடப் படித்திருப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் போட்ட கடிதமும் வந்தது. "நான் சொல்வதற்குள் ஏன் செய்தாய்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி சகினாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வந்த அன்றே கேஷுவாலிட்டித் தரையைத் துடைத்துவிட்டு, பேப்பரை வைத்து ஒற்றி எடுத்து எனக்குக் காட்டினாள். "பாத்துக்கோங்க சிஸ்டர், சொட்டு ஈரம் கீதா? எழுதிக்கினு கையெழுத்துப் போடுங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு வேண்டியதுதான்.

அவள் வந்துவிட்டால் எனக்கும் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. இன்னும் அந்த வார்த்தை வரவில்லை அத்தை. கூட்டத்தை வெளியே அனுப்பத் தெரியாத நர்ஸ் கேஷுவாலிட்டியில் நின்றால், கட்டிலில் கிடப்பவருக்குத்தான் ஆபத்து. அதனால் விட்டுவிட்டேன். நேற்று கடைசி நாள். உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் நர்ஸ் வேலையை விடவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் பகல் வேலை. அங்கே இருக்கிற டாக்டரிடம் நடந்ததை எல்லாம் நானே சொன்னேன். சர்டிபிகேட்டில் என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். விலகுகிறவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காரணம் என்று போட்டு நான்கு கட்டம். திருமணம், மேற்படிப்பு, வெளிநாடு, குடும்பச் சூழல். ஆபீஸ் பெண், நல்ல பெண்தான், பேனாவைக் கொடுத்துச் சொன்னாள்: "குடும்பச் சூழல்ல டிக் போட்டுடுங்க சிஸ்டர். மாமியார் பிரச்சனைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உங்க வார்டுல எல்லாரும் அதான் போட்டுட்டுப் போறாங்க."

மூன்று வருஷத்தில் எங்கள் வார்டிலிருந்து ஒன்பது நர்ஸ்கள் போயிருக்கிறார்கள். அதில் ஆறு பேர் என்னிடம் அழுதுவிட்டுப் போனவர்கள். ஒருத்தியைக் கன்னத்தில் அறைந்தார்கள். ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தி மேல் கொதிக்கிற காபியை ஊற்றினார்கள். படிவத்தில் ஒன்பது பேருக்கும் மாமியார்தான் காரணம்.

நான் நான்கு கட்டத்தையும் விட்டுவிட்டுக் கீழே எழுதினேன்: வேலை செய்யும்போது அடித்தார்கள், அதனால் போகிறேன். என் குடும்பம் காரணம் இல்லை. என் மாமியார் போக வேண்டாம் என்றுதான் எழுதினார்.

"இதுக்குக் கட்டம் இல்லியே சிஸ்டர்" என்றாள். ஸ்கேலைக் கேட்டு வாங்கி, ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஷ்ரேயா உங்களைக் கேட்கிறாள். நானும்தான்.

ஜெயபாரதி


திருச்செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி
17-8-2025

ஜெயபாரதிக்கு. நான் சுகம். மாத்திரை போடுகிறேன்.

வேலையை விடுகிறேன் என்று சொல்லி இன்னொரு வேலைக்கே போயிருக்கிறாய். அதை நான் நேரில் வந்து பேசிக்கொள்கிறேன். ஆவணி கடைசியில் மாப்பிள்ளை டிக்கெட் போட்டிருக்கிறார். சகினாவையும் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு.

நீ அந்தப் படிவத்தில் எழுதியதைச் சந்திரிகாவிடமும் மாப்பிள்ளையிடமும் பக்கத்து வீட்டு டீச்சரிடமும் படிக்கச் சொன்னேன். என்னைப் பற்றிய வரியை இரண்டு தரம்.

ஆனால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த ஒன்பது பேருடைய மாமியார்களுக்கும் இது தெரியுமா? யாரோ அறைந்ததற்கும் யாரோ காபி ஊற்றியதற்கும் தங்கள் பெயர் ஒரு பீரோவுக்குள் கிடக்கிறது என்று யாராவது அவர்களுக்குச் சொன்னார்களா? மருமகள் திடீரென்று வேலையை விட்டுவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தால், ஏன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே நான்கு தரம் படித்த பிறகுதான் தெரிந்தது.

ஒன்பது பேருடைய வீட்டு முகவரியையும் வாங்கி அனுப்பு. உன்னிடம் அழாத மூன்று பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர்கள் வேறு எங்காவது போய் அழுதிருப்பார்கள். மருமகள்களிடம் முதலில் கேட்டுக்கொள், சொல்லலாமா என்று. சரி என்பவர்களுடைய மாமியாருக்கு நான் எழுதுகிறேன். எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது.

தபால் உறை ஒன்பது வாங்கிவிட்டேன்.

பொன்னுக்கனி